தோன்றா எழுவாய்

போடிநாயக்கனூரிலிருந்து விடியக் கருக்கலில் ஜீப்பேறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போன பெண்களில் எங்கம்மாவும் ஒருத்தி. ஒருநாள் காய் நிறுக்கையில் 'எடை கொறையுதுங்கய்யா' என்று சொல்லிவிட்டாள். கங்காணி தராசைப் பார்க்கவில்லை. 'நீ எந்தத் தெருக்காரி?' என்று கேட்டான். மறுநாள் 'வண்டி நெறஞ்சிருச்சு' என்றார்கள். நிறைத்தது யாரென்று ஒருத்தரும் சொல்லவில்லை.

எம்.ஏ. தமிழில் 'தோன்றா எழுவாய்' படித்தேன். எழுவாய் வெளியே தெரியாது. வினைமுற்றின் விகுதியை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அரசு உத்தரவு அதையும் மிஞ்சியது. 'நிர்வாகக் காரணங்களுக்காக மாற்றப்படுகிறார்' என்பதில் மாற்றியவரை விகுதிகூடக் காட்டிக்கொடுக்காது. ஆனால் புகார் சொன்னவருக்கு மட்டும் எழுவாய் உண்டு. பேர், ஊர், சாதி எல்லாம் உண்டு.

1995-ல் மதுரையில் கூடுதல் ஆட்சியராக இருந்தவர் சி. உமாசங்கர், தலித் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அப்போது எங்க போடியும் மதுரை மாவட்டம்தான். தேனி மாவட்டம் 1996-ல் பிரிந்தது. சுடுகாட்டுக் கொட்டகை கட்டும் திட்டத்தில் முறைகேடு என்று அவர் வெளிப்படுத்தினார். வழக்கு உயர்நீதிமன்றம் போய் சி.பி.ஐ. கைக்கு வந்தது. 2014-ல் முன்னாள் உள்ளாட்சி அமைச்சர் செல்வகணபதிக்கு சி.பி.ஐ. நீதிமன்றம் 2 ஆண்டு சிறை விதித்தது. 2023-ல் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. தீர்ப்புகளுக்குள் நான் போகவில்லை. சொன்னவருக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் என் கேள்வி.

அது அ.தி.மு.க. ஆட்சி. 2010 ஜூலையில், தி.மு.க. ஆட்சியில், உமாசங்கர் இடைநீக்கம் செய்யப்பட்டார். எல்காட் தொடர்பான முறைகேட்டைக் கிளறியதற்குப் பழிவாங்கல் என்றார் அவர். அரசு காட்டிய காரணம்: அவருடைய தாழ்த்தப்பட்டோர் சாதிச் சான்றிதழ் பொய். எதிர்ப்பு கிளம்பவும் சில வாரங்களில் இடைநீக்கம் விலக்கப்பட்டது. சான்றிதழை விசாரிக்கவே கூடாது என்று நான் வாதாடவில்லை. 1990-ல் பணிக்கு வந்தவரிடம் 20 வருசம் கேட்காத கேள்வியை, அவர் கணக்குக் கேட்ட பிறகு கேட்பானேன்? 'நீ எந்தத் தெருக்காரி?' என்ற அதே கேள்விதான், கோப்பு எண்ணோடு வந்திருக்கிறது.

நம் பத்திரிகைகளும் சினிமாவும் செய்வது வேறொரு மோசடி. 'நேர்மையான அதிகாரி' என்று தனியாளாகத் தூக்கிவைத்து, சாதியை அழித்துவிட்டுப் புகழ்கிறார்கள். புகழ்கிறவர்கள் மறக்கிற சாதியை நிறுவனம் மறப்பதேயில்லை. நாமும் யோக்கியமில்லை. செத்த பிறகும் தனிச் சுடுகாட்டுக்கு, பாதையில்லாத வரப்பில் பிணம் தூக்குகிற சனம் நாம். சுடுகாட்டுக் காசைப் பற்றிப் பேசியவரின் சண்டையை அதிகாரி வர்க்கத்துச் சண்டை என்று எத்தனை பேர் ஒதுங்கி நின்றோம்?

சாதி மட்டுமே காரணம் என்று சுருக்கவும் முடியாது. நெடுஞ்சாலைப் பொறியாளர் சத்யேந்திர துபே, பேரை மறைக்கச் சொல்லித்தான் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். கடிதம் பேரோடு மேசை மேசையாகப் போனது. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்றது சி.பி.ஐ. முறைகேட்டை அம்பலப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் 2014-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. நடைமுறைப்படுத்தாதவர் யார்? அங்கேயும் எழுவாய் இல்லை.

சட்டம் வந்தாலும் அரசு ஊழலைச் சொல்பவருக்குத்தான். தோட்டத்துத் தராசை அது தொடாது. அங்கே ஒருத்தி வாய் திறந்தால் மறுநாள் ஜீப்பில் மற்றவர்களும் ஏறக்கூடாது. சங்கம் என்றால் அதுதான். அன்றைக்கு எல்லோரும் ஏறிப் போய்விட்டார்கள். அவுகளைக் குத்தம் சொல்ல எனக்கு மனசில்லை; அவுக வீட்லயும் அடுப்பெரியணும்.

'தராசு சரியாங்கிறத மட்டும் இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் பாக்கலப்பா' என்பாள் அம்மா.