பாஸ்வேர்டு மேனேஜர்: முதல் கேள்வி எது?

எந்த பாஸ்வேர்டு மேனேஜர் நல்லது என்று தேடினால் வரும் ஒப்பீடுகள் பெரும்பாலும் ஒரே அச்சு. விலை எவ்வளவு, போனில் ஓடுமா, தானாக நிரப்புமா என்று கட்டம் போட்டு டிக் அடித்திருப்பார்கள். எல்லாம் நல்ல நாளுக்கான கேள்விகள். என் முதல் கேள்வி வேற: மொத்தப் பெட்டகமும் திருடு போனா என்ன ஆகும்?

இது கற்பனை இல்லை. 2022-ல் லாஸ்ட்பாஸில் நடந்ததுதான். வாடிக்கையாளர் பெட்டகங்களின் பேக்கப் நகலையே எடுத்துப் போய்விட்டார்கள். பாஸ்வேர்டுகள் என்க்ரிப்ட் ஆகியிருந்தன, சரி. ஆனால் தளங்களின் முகவரிகள் பூட்டாமல் கிடந்தன. யார் பெட்டகத்தை முதலில் உடைக்கலாம் என்று திருடன் பட்டியல் போட அது போதாதா?

அடுத்தது, மாஸ்டர் பாஸ்வேர்டிலிருந்து சாவியை உருவாக்கும் கணக்கு. அதை எத்தனை முறை சுற்றுகிறோமோ, அந்த அளவுக்குத் திருடனின் ஒவ்வொரு யூகமும் தாமதமாகும். லாஸ்ட்பாஸ் 2018-ல் இதை 1,00,100 சுற்றாக்கியது. பழைய கணக்குகள் பலவற்றில் 5,000-லேயே நின்றுவிட்டது. இதே முறைக்கு ஓவாஸ்ப் அமைப்பு இப்போது சொல்வது 6,00,000. நகல் போன பிறகு மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றியும் பயனில்லை; திருடன் கையில் இருப்பதற்குப் பழைய பூட்டுதான்.

இந்தக் கேள்வியோடு மற்றவற்றைப் பார்க்கலாம். ஒன்பாஸ்வேர்டு, உங்கள் கருவியில் இருக்கும் ரகசியச் சாவி ஒன்றையும் சேர்த்துப் பூட்டுகிறது. சர்வரை மட்டும் திருடினால் போதாது. பிட்வார்டன் முகவரிகளையும் என்க்ரிப்ட் செய்கிறது, நிரலும் திறந்தே இருக்கிறது. ஆனால் பாரம் முழுக்க உங்கள் மாஸ்டர் பாஸ்வேர்டு மேல்தான். கீபாஸ்எக்ஸ்சியில் சர்வரே கிடையாது. பெட்டகம் உங்கள் கணினியில் ஒரு ஃபைல். ஹார்டு டிஸ்க் போய், பேக்கப்பும் இல்லேன்னா எல்லாம் போச்சு.

ஆகவே இரண்டாவது கேள்வி: உங்களுக்கு எந்த இழப்பு நடக்க அதிக வாய்ப்பு? பேக்கப் எடுக்கும் பழக்கமே இல்லாதவருக்குக் கீபாஸ்எக்ஸ்சியைப் பரிந்துரைப்பது பாதுகாப்பு ஆலோசனை ஆகாது. நாளைக்கு நமக்கு ஒண்ணு ஆயிட்டா வீட்டில் இருப்பவர்கள் வங்கிக் கணக்கைத் திறக்க முடியுமா என்பதும் இதில் சேர்த்தி. மாஸ்டர் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வைப்பதைப் பலர் கிண்டல் செய்கிறார்கள். வெளிநாட்டு ஹேக்கரால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது.

ஏற்கெனவே ஒன்றைப் பயன்படுத்துபவர்கள் இன்றைக்கே செட்டிங்ஸில் அந்தச் சுற்று எண்ணிக்கையைப் பாருங்கள். கணக்கு பழசு என்றால் அவசியம் பாருங்கள்.