கோப்பை கேட்கும் நாம்

"இந்த வருஷமாவது சேலம், நாமக்கல் காலேஜ்களை ஜெயிப்போமா?" பெரியார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் நெருங்கினா தருமபுரி ரசிகர்கள் நாம கேட்கிற கேள்வி இது.

ஃபுட்பாலில் எனக்கு நம்பிக்கை குறைவு. பதினோரு பேர் ஒருத்தரையொருத்தர் புரிஞ்சுக்கிறதுக்குள்ள மூணு வருஷப் படிப்பே முடிஞ்சிடும். பேஸ்கட்பாலில் ஐந்து பேர்தான். நல்லா ஆடுற ரெண்டு பேர் சேர்ந்தாலே ஆட்டம் மாறும். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அறிமுகமான த்ரீ-ஆன்-த்ரீ இன்னும் தோது: மாற்று ஆளோடு நாலு பேர், பாதி கோர்ட், 10 நிமிடம், அதுக்குள்ள 21 பாயிண்ட் எடுத்தா ஆட்டம் முடிஞ்சது.

ஆனா நம்ம தப்பும் இருக்கு. கோப்பை கேட்கிறோம், முதலாண்டுப் பசங்க பிராக்டிஸ் பண்றதை யாரும் போய்ப் பார்க்கிறதில்லை. இந்த முறை நான் போறேன். நீங்களும் வாங்க.