வாவிக்கரை நுளம்பும் ஆய்வின் எல்லையும்

மட்டக்களப்பு வாவியைப் பாடியோர் பலர். மீன் பாடும் தேனாடு என்று இம்மண்ணைப் போற்றாத கவிஞர் இங்கு அரியர். ஆனால், அவ்வாவிக்கரை மக்களை வருத்தும் நோய்களைக் கூர்ந்து நோக்கிய எழுத்துக்கள் மிகச் சிலவே. அத்தகைய எழுத்தொன்று 2011ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது கவிதையன்று, கதையுமன்று, ஒரு விஞ்ஞான ஆய்வுக் கட்டுரை. ரஞ்சன் இராமசாமி, சி. நோ. சுரேந்திரன் முதலியோர் இணைந்து எழுதிய அக்கட்டுரை, டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்புகள் யாழ்ப்பாண, மட்டக்களப்புக் கரையோரங்களில் உவர்நீரிலும் வளர்கின்றன என்று எடுத்துக்காட்டிற்று. இலக்கியத்தை விமரிசிக்கும் நாம், மக்களின் உயிரோடு தொடர்புடைய இத்தகைய எழுத்தையும் சமூகக் கண்கொண்டு விமரிசித்தல் வேண்டும்.

ஈடிஸ் நுளம்பு நன்னீரிலேயே பெருகும் என்பது நெடுங்காலமாக ஓதப்பட்டு வந்த பாடம். பூச்சாடியிலும், டயரிலும், சிரட்டையிலும் தேங்கும் மழைநீரை அகற்றினால் போதும் என்பது அதன் முடிபு. இவ்வாய்வாளர்களோ கைவிடப்பட்ட தோணிகளிலும், பாவனையற்ற கிணறுகளிலும், எறியப்பட்ட பிளாஸ்டிக், கண்ணாடிக் கலங்களிலும் தேங்கிய நீரைச் சோதித்தனர். ஆயிரம் பங்கு நீருக்கு 15 பங்கு வரை உப்புக் கலந்திருந்த இடங்களிலும் நுளம்பின் குடம்பிகள் உயிரோடிருந்தன. கடல்நீரில் உப்பின் அளவு ஏறத்தாழ 35 பங்கு என்பதை நினைவிற் கொண்டால் இதன் பொருள் விளங்கும். உப்புக் காற்றும் உவர்நீரும் தமக்கு அரண் என்று கரையோரத்தார் இனி எண்ணியிருத்தல் இயலாது.

இவ்வாய்வின் முதற் சிறப்பு, ஏட்டு விதியைத் தன் மண்ணில் நிறுத்திச் சோதித்தமையாகும். முகத்துவாரத்தின் வழியே கடலும் வாவியும் கலக்கும் எமது பிரதேசத்தில் நன்னீர், உவர்நீர் என்ற எல்லை மாரிக்கும் கோடைக்கும் மாறிக்கொண்டேயிருப்பது. இங்கு நன்னீரை மட்டும் நோக்கும் தடுப்பு முறை பாதி முறையே. அரைகுறை வெற்றியின் விலையை இந்நாடு முன்னரே மலேரியாவில் கண்டது. 1963இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. விழிப்புத் தளர்ந்தது. 1969இல் அத்தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. பின்னர், போர்க்காலத்திலும் கைவிடாது நடந்த இடையறா உழைப்பின் பயனாகவே 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தால் ஏற்கப்பட்டது.

இனி, ஆய்வின் எல்லையை நோக்குவோம். தோணி, கிணறு, கலம் என மூன்றை அது பெயர் கூறிக் காட்டுகிறது. அவை எவ்வாறு அங்கு வந்தன என்று அது வினவவில்லை. தோணி ஏன் கைவிடப்பட்டது? பழுதுபார்க்கப் பணமில்லாமையாலா, தொழிலே நலிந்தமையாலா? கிணற்றை நீங்கிச் சென்றவர் யார்? 2004ஆம் ஆண்டின் சுனாமி நாவலடி போன்ற ஊர்களை அழித்ததோடு கரையோரக் கிணறுகளையும் உப்பாக்கிச் சென்றது. போரோ மக்களைப் பன்முறை இடம்பெயர்த்தது. குப்பையை அள்ளும் வண்டி எந்தத் தெருவரை வருகிறது, எந்தத் தெருவில் திரும்பிவிடுகிறது? இவ்வினாக்களை எழுப்பாமை பூச்சியியலாளரின் குற்றமன்று. அவர் தம் பணியைச் செவ்வனே செய்தார். அவர் நிறுத்திய இடத்திலிருந்து சமூக ஆய்வாளனும் எழுத்தாளனும் தொடங்கியிருக்க வேண்டும்.

தத்தம் வளவைத் துப்புரவாக வைத்திருப்பது தனிமனிதக் கடமையன்றோ என்று கேட்பார் உண்டு. கடமைதான். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டமும் காணிக்கு உரியவர், குடியிருப்போர் ஆகியோர் மீதே பொறுப்பைச் சுமத்துகிறது. ஆயின், உரியவர் மாண்டோ பெயர்ந்தோ போன வளவிலுள்ள கிணற்றுக்கு யார் பொறுப்பு? கரையில் உக்கும் தோணிக்கு எந்தக் குடியிருப்பாளர் தண்டம் கட்டுவார்? 2017இல் இந்நாட்டில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். அத்தகைய கொள்ளைநோயைச் சிரட்டை கவிழ்க்கும் வேலையாக மட்டும் சுருக்கினால், பழியனைத்தும் ஏழையின் முற்றத்திலேயே வந்து சேரும்.

மற்றுமொரு குறையைச் சொல்லாதிருக்க முடியாது. வாவிக்கரையில் எடுக்கப்பட்ட நீரைப் பற்றிய உண்மை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு உலக அறிஞரைச் சென்றடைந்தது. அந்நீரின் அருகே வலை உலர்த்துபவனுக்கு அது அவன் மொழியில் சொல்லப்படவேண்டும். கடல்மட்டம் உயரும்போது உவர்நீர்ப் பரப்பும் விரியக்கூடும், அதனோடு நுளம்பின் ஆபத்தும் வளரக்கூடும் என்று இராமசாமியும் சுரேந்திரனும் 2012இல் எச்சரித்தனர். அவ்வெச்சரிக்கைக்கு முதலில் உரியவர் கரையில் வாழ்பவரே.

பாவனையற்ற கிணறுகளையும் கைவிட்ட தோணிகளையும் ஊர்தோறும் கணக்கெடுத்தல், அவற்றை அகற்றும் பொறுப்பை உள்ளூராட்சி மன்றங்கள் ஏற்றல், ஆய்வு முடிபுகளைத் தமிழில் வெளியிடல் ஆகிய மூன்றும் உடன் வேண்டப்படுவன. எமது எழுத்தாளரிடம் கேட்பது ஒன்றே: வாவியில் மீனின் பாட்டைக் கேட்ட செவி, கரையில் காய்ச்சலில் முனகும் குழந்தையின் குரலையும் கேட்கட்டும்.