மார்கழிப் பனியில் அரை மணி நேரம்

ரெட்டியார்சத்திரத்தில் நீர் உறைகிற குளிர் வராது. ஆனாலும் ஆண்டில் பெரும்பகுதி வெயிலில் வேகிற உடம்புக்கு மார்கழி கடுமையானதுதான். முழங்கால் வலி கூடும், இளைப்பு கூடும். மல்லிகைச் செடி மொட்டு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். பூப்பறிக்கப் போகிறவர்களுக்குக் கூலியும் குறையும். இந்த மாதத்தைப் போர்வைக்குள் கழித்துவிடத்தான் தோன்றும். அப்படிக் கழித்தால் தூக்கம் கிடைக்கும். மனசுக்கு ஓய்வு கிடைக்க, வெளியே வந்து உட்கார வேண்டும்.

அதற்கு ஏற்ற மாதமும் இதுதான். கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை, மொய்க்கும் பந்திக்கும் அலைய வேண்டியதில்லை. ஆடியிலும் கல்யாணம் கிடையாது. ஆனால் ஆடி விதைப்பும் திருவிழாவுமாக ஓடிவிடும்.

முந்தின ராத்திரி வானத்தைப் பாருங்கள். மேகம் மூடியிருந்தால் அது பூமிக்குப் போர்வை; மண்ணின் சூடு வெளியே போகாது, பனியும் அதிகம் இறங்காது. காற்று அடங்கி நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தால், மறுநாள் விடியலில் கிளம்பிவிடுங்கள். காதை மூடி மப்ளர் கட்டிக்கொள்ளுங்கள். செல்போன் வீட்டிலேயே இருக்கட்டும். இளைப்பு உள்ளவர்கள் வெயில் ஏறிய பிறகு வந்தால் போதும்.

கோபிநாத சுவாமி மலைக்கோயில் பக்கம் போங்கள். மாடு கன்று வைத்திருப்பவர்கள் அவற்றின் நலனுக்காக வேண்டிக்கொள்ள வருகிற கோயில் அது. உயரமாக ஓர் இடம் பார்த்து உட்காருங்கள்.

முதலில் காதுக்கு வேலை. பழனி ரோட்டில் பஸ் போகும் சத்தம், எங்கோ பால் கேன் மோதுகிற சத்தம், வேலியோரப் புதரில் செம்போத்து அடித்தொண்டையில் 'ஊப் ஊப்' என்பது. மனம் கடனுக்கும் கணக்குக்கும் ஓடும். ஓடினால் அதட்ட வேண்டாம். அடுத்து வருகிற சத்தத்துக்குக் காதைக் கொடுங்கள், தானே திரும்பிவிடும்.

அப்புறம் மேற்கே திரும்புங்கள். எல்லோரும் கிழக்கைத்தான் பார்ப்பார்கள். நான் மேற்கைப் பார்க்கச் சொல்வேன். கன்னிவாடி மலைகளின் உச்சியில்தான் வெளிச்சம் முதலில் படும். கீழே நாம் இன்னும் நிழலில் இருப்போம். உச்சியில் விழுந்த அந்தச் சிவப்பு சரிவில் மெல்ல மெல்ல இறங்கிவருவதைக் கண்ணெடுக்காமல் பாருங்கள். நான் அறிந்த தியானங்களில் இதைவிட எளிதானது வேறில்லை. சூரியன் தலைகாட்டும்போது மணி ஆறரை ஆகியிருக்கும். நேர் கிழக்கில் எழாது, தென்கிழக்கே திண்டுக்கல் பக்கம் தள்ளி எழும். எழுந்ததுமே எழுந்து போய்விடாதீர்கள். ராத்திரி முழுக்க மண் சூட்டை இழந்துகொண்டே வந்திருப்பதால், குளிர் உச்சத்தில் இருப்பது அந்த நேரத்தில்தான். அது உறைப்பதையும், முதல் வெயில் முதுகில் ஏறுவதையும் அடுத்தடுத்து உணர்வது மார்கழியில் மட்டும் கிடைக்கிற சுகம்.

திரும்பும்போது மொச்சைக் காட்டோரம் நில்லுங்கள். நாட்டு மொச்சை பொழுது குறுகினால்தான் பூக்கும். குளிர் நமக்குக் கஷ்டம் என்றால் அதற்கு அதுவே பருவம். பூவில் பனி நிற்பதையும் சிலந்தி வலையில் முத்து கோத்திருப்பதையும் பார்க்கலாம். தைப்பூசம் நெருங்கினால் பழனிக்குப் போகும் பாதயாத்திரைக் கூட்டம் சாலையோரம் வரும். அவர்கள் அவசரமில்லாமல் நடப்பதைப் பார்த்து, நீங்களும் நடையைத் தளர்த்துங்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். மார்கழியில் நம் வீடுகளில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, குளிர்ந்த தண்ணீரில் வாசல் தெளித்து, கோலம் போட்டு, சாணிப் பிள்ளையாருக்குப் பூசணிப்பூ வைக்கிறவர்கள் பெண்கள். இந்த மாதத்தின் அழகில் பாதி அவர்கள் கையால் வருவது. ஓய்வு மட்டும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. வாசல் வேலையையும் அடுப்பு வேலையையும் ஒரு நாளாவது நீங்கள் எடுத்துக்கொண்டு, அம்மாவையோ மனைவியையோ அந்த மலைக்கு அனுப்பி வையுங்கள். திரும்பி வரும்போது சுக்குக் காப்பி தயாராக இருக்கட்டும்.