ஆள் சேர்த்தால் தாமதம்

எதிர் ஃப்ளாட் பையன் சாஃப்ட்வேர் இன்ஜினீயர். ராத்திரி பதினொன்றரைக்கு லிஃப்ட்டில் பார்த்தேன்.

‘‘ப்ராஜெக்ட் லேட் சார். புதுசா பத்துப் பேரைப் போட்டிருக்காங்க.’’

‘‘நல்லதுதானே?’’

‘‘அவங்களுக்குப் பாடம் எடுத்தே இன்னும் லேட். குழந்தை முழிச்சிருக்கறப்ப பார்த்து ஒரு வாரமாச்சு.’’

இதை 1975-லேயே எழுதிவிட்டார் ஃப்ரெட் புரூக்ஸ். ஐ.பி.எம்.மில் ஓ.எஸ்./360 என்னும் ராட்சச மென்பொருளை மேய்த்தவர். ‘தி மிதிக்கல் மேன்-மன்த்’ புத்தகத்தின் சாரம் இதுதான்: தாமதமான ப்ராஜெக்ட்டில் ஆள் சேர்த்தால் மேலும் தாமதமாகும். கணக்கு எளிது. மூன்று பேர் தங்களுக்குள் பேச 3 ஜோடி. பத்துப் பேருக்கு 45. ஐம்பது பேருக்கு 1,225. நாலு பேர் சேர்ந்து வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம். ஆளுக்கொரு அடியாக வெண்பா எழுதினால் தளை தட்டும்.

1986-ல் எழுதிய ‘நோ சில்வர் புல்லட்’ கட்டுரை இன்னும் ஆழம். கோட் அடிப்பதில் உள்ள சிரமங்களைக் கருவிகள் குறைத்துவிடும். என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் நிஜக் கஷ்டம் என்கிறார். இன்று ஏ.ஐ. நொடியில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறது. வாடிக்கையாளருக்கே தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாதபோது அது மட்டும் என்ன செய்யும்?

புத்தகத்தில் குறைகளும் உண்டு. அவர் சிபாரிசு செய்யும் பத்துப் பேர் டீமில் இரண்டு செக்ரட்டரிகள்! எல்லோரும் எல்லாப் பகுதிகளின் உள்விவரத்தையும் பார்க்க வேண்டும் என்றார். 1995 பதிப்பில், டேவிட் பார்னாஸ் சொன்னதே சரி, நான்தான் தப்பு என்று ஒப்புக்கொண்டார். இந்த நேர்மைக்காகவே வாங்கலாம்.

என் பெரிய புகார் வேறு. ஓர் ஆள் ஆண்டுக்கு எத்தனை இன்ஸ்ட்ரக்‌ஷன் எழுதினார் என்ற அளவுகோலை புரூக்ஸும் விடவில்லை. 1982-ல் ஆப்பிளின் லிசா கம்ப்யூட்டர் குழுவில் வாராவாரம் எத்தனை வரி எழுதினாய் என்று ஃபாரம் கொடுத்தார்கள். பில் அட்கின்சன் ஒரு பகுதியை மாற்றி எழுதி, வேகத்தைக் கூட்டி, வரிகளைக் குறைத்திருந்தார். ஃபாரத்தில் எழுதினார்: மைனஸ் 2,000. சில வாரங்களில் அவரிடம் ஃபாரம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

நல்ல வேலை பல சமயம் அழிப்பதில் இருக்கிறது. அதற்கு அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் காலம் கிடையாது.

பையனுக்குப் புத்தகத்தைக் கொடுக்கலாம்தான். படிக்க அவனுக்கு நேரம் ஏது? அவன் மேனேஜருக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறேன்.