இயற்கை உணவும் மறைக்கப்பட்ட உழைப்பும்

'இயற்கை உணவு' என்ற சொல் இன்று ஒரு மோகமாகப் பரவியிருக்கிறது. வல்லாரை மாத்திரையாகிறது, முருங்கையிலை பொடியாகிப் புட்டியில் அடைபடுகிறது, பலாப்பிஞ்சு இறைச்சிக்கு மாற்று என்ற பெயரில் மேலைநாட்டு அங்காடிகளுக்குக் கப்பலேறுகிறது. இவையெல்லாம் புதிய கண்டுபிடிப்புகள் என்று விளம்பரங்கள் முழங்குகின்றன. கண்டுபிடித்தவர் யார்? ஓடைக்கரை வல்லாரையைக் கிள்ளிவந்து சம்பல் அரைக்கும் தோட்டத்துத் தாய்க்கு அது என்றுமே தொலைந்துபோன பொருளல்ல. வாங்குபவன் கண்ணில் பட்ட நாளையே ஒரு பொருளின் பிறந்தநாளாகக் கொள்வது சந்தையின் வழக்கம்.

விளம்பர வாசகமும் ஓர் எழுத்துதான். பல்லாயிரம் பேர் படிக்கும் எழுத்து. கதையையும் கவிதையையும் எந்த அளவுகோலால் மதிப்பிடுகிறோமோ, அதே அளவுகோலை இதற்கும் வைத்துப் பார்ப்பதில் தவறில்லை. அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதே நமது கேள்வி.

ஊவா மாகாணத்தின் மேற்கு விளிம்பில், கொழும்பு–பதுளைப் பெருஞ்சாலையில் இருக்கிறது ஹல்துமுல்லை. அதற்கு மேலே எழும் மலைத்தொடரில் உள்ள இதல்கஸ்ஹின்ன பகுதியில் 1980களின் பிற்பகுதியிலேயே இரசாயனப் பசளையை விலக்கிய தேயிலைச் செய்கை தொடங்கிவிட்டது. உலகிலேயே இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று என்று அது பேசப்படுகிறது. இவ்வகைத் தேயிலையின் பெட்டிகளைப் பாருங்கள். மூடுபனி இருக்கும், மலைச்சிகரம் இருக்கும், மாசற்ற காற்றும் இளங்கொழுந்தும் இருக்கும். கொழுந்து பறிக்கும் பெண் இருந்தால் சிரித்த முகத்தோடு ஓர் அலங்காரமாக நிற்பாள். அவளுடைய நாட்சம்பளம், நிறை குறைந்தால் விழும் அரைப்பேர், அவள் குடியிருக்கும் லயம் ஆகியவற்றைப் பற்றி ஒரு வரியும் இராது.

இந்த மௌனம் நேற்று தோன்றியதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனத் தேயிலையில் சாயமும் கலப்படமும் இருப்பதாக இங்கிலாந்தில் பெரும் அச்சம் பரவியது. அந்த அச்சத்தைப் பயன்படுத்தியே 'தூய்மையானது' என்ற முத்திரையோடு இந்திய, இலங்கைத் தேயிலைகள் அங்கே விற்கப்பட்டன. 1890இல் இலங்கைக்கு வந்து, ஹப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னைத் தோட்டத்தைத் தமதாக்கிக்கொண்ட தாமஸ் லிப்டன், தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப்பானைக்கு வரும் தேயிலை என்று பறைசாற்றினார். தோட்டத்துக்கும் பானைக்கும் இடையே நின்ற மனிதர்கள் அந்த 'நேரே' என்ற ஒரு சொல்லில் மறைந்தார்கள். தூய்மை என்ற அன்றைய முழக்கத்துக்கும் இயற்கை என்ற இன்றைய முழக்கத்துக்கும் அடிப்படை ஒன்றே.

விளம்பரம் மறைத்த மனிதரை இலக்கியம் மீட்டுத் தந்தது. 1930களில் புதுமைப்பித்தன் 'துன்பக் கேணி'யில் அந்த வாழ்வைக் காட்டினார். சி. வி. வேலுப்பிள்ளை தம் மக்களின் குரலாகவே எழுதினார். ஊவா மண்ணில் பிறந்த தெளிவத்தை ஜோசப் லயத்து அறையின் நெருக்கடியைக் கதைகளாக்கினார். 1964இல் வெளிவந்த கோகிலம் சுப்பையாவின் நாவலுக்குத் 'தூரத்துப் பச்சை' என்று பெயர். தூரத்திலிருந்து பார்ப்பவர்க்கே பச்சை குளிர்ச்சி. தேயிலைப் பெட்டியின் படம் தூரத்தில் நின்றே பார்க்கிறது. நமது எழுத்தாளர்கள் அருகில் சென்று பார்த்தார்கள்.

இயற்கைச் செய்கையை நாம் பழிக்கவில்லை. நஞ்சு தெளிக்காத மலையில் முதலில் நலம் பெறுவது அங்கே வேலை செய்பவரின் கையும் நுரையீரலும்தான். ஆனால் களைக்கொல்லி செய்த வேலையை அங்கே மனிதக் கை செய்யவேண்டும். கூட்டெருவைச் சுமக்கத் தோள் வேண்டும். கூடுகின்ற உழைப்புக்கு ஏற்பக் கூலி கூடாவிட்டால், அந்தத் தேயிலைக்குக் கிடைக்கும் உயர்ந்த விலைக்கு என்ன நியாயம்?

உழைப்பவரைக் கேளாமல் இயற்கையை ஆணையால் கொண்டுவர முடியாது என்பதை 2021 காட்டியது. அவ்வாண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு திடீரெனத் தடை செய்தது. போதிய சேதனப் பசளை இல்லை, பயிற்சியும் இல்லை, மாறிக்கொள்ள அவகாசமும் இல்லை. நவம்பரில் தடை கைவிடப்பட்டது. அதற்குள் தேயிலைச் செடி பட்டினி கிடந்துவிட்டது. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. கொழுந்து குறைந்தால் அதை நிறுத்துக் கூலி பெறுபவரின் அடுப்பே முதலில் அணையும். 'சேதனம்' என்றால் அறிவுடையது, உயிருள்ளது என்று பொருள். பசளைக்கு அச்சொல்லை வழங்கியவர்கள், அதைச் சுமக்கும் உயிரை எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த அடுப்பில் வேகும் உணவு எது? பெரும்பாலும் கோதுமை மா ரொட்டியும் சம்பலும். நல்ல தரம் ஏலத்துக்குப் போக, கேத்தலில் கொதிப்பது தூள். 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இலங்கைக் குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியோர் சுமார் 17 சதவீதம். தோட்டப் பகுதியிலோ சுமார் 32 சதவீதம். உலகுக்கு ஆரோக்கிய பானம் அனுப்பும் மலைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தை வளர்ச்சி குன்றி நிற்கிறது. இதையும் இயற்கை என்றே சொல்லிவிடலாமா?

சொன்னவர்கள் உண்டு. 2014 அக்டோபர் 29 அன்று, ஹல்துமுல்லைப் பிரதேசச் செயலகப் பிரிவுக்குட்பட்ட கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதையுண்டன. அந்த மண் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. குடியிருக்க வேறு நிலம் இல்லாததால் மக்கள் அங்கேயே இருந்தனர். அதற்கும் 'இயற்கை அனர்த்தம்' என்றே பெயர். பெட்டியின் மேல் விலையை உயர்த்துகின்ற அதே சொல், புதைகுழியின் மேல் பொறுப்பைக் கழுவுகின்றது.

எனவே நாம் கேட்கும் அளவுகோல் எளிது. ஓர் உணவில் என்ன நஞ்சு இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது. அதை விளைத்தவருக்கு என்ன கிடைத்தது என்றும் சொல்லவேண்டும். ஒரு குடும்பத்துக்கு உறுதியான வீடும், கீரையும் குரக்கனும் போட்டுக்கொள்ளச் சொந்தமாகத் துண்டு நிலமும், பிள்ளைக்குப் பாலும் முட்டையும் வாங்கக் கட்டும் கூலியும் கிடைக்கட்டும். ஆசிரியர்களும் மாணவர்களும் இனி ஒரு தேயிலைப் பெட்டியைக் கையில் எடுத்தால், அதில் அச்சிட்டிருப்பதோடு அச்சிடாததையும் சேர்த்துப் படிக்கவேண்டும். கொழுந்தைப் பறித்த கையும் வயிறார உண்ணும் நாளில்தான் அந்த உணவை இயற்கை உணவு என்று நாம் மனமாரச் சொல்லமுடியும்.