புழு வளர்க்கும் வகுப்பு

தொடக்கப் பள்ளிகளில் விலங்குகளைப் பற்றிச் ‘செய்து கற்றல்’ என்ற பெயரில் நடப்பவற்றுள் பாதியில் விலங்கே இருப்பதில்லை. காகிதத் தட்டில் கடுகை முட்டையாகவும் சேமியாவைப் புழுவாகவும் ஒட்டி, நடுவே நான்கு அம்புக்குறி வரைந்தால் வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சி தயார். கைக்கு வேலை உண்டு, பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் ஆசிரியர் முன்பே சொன்னதற்கு மேல் ஒரு துளியும் அதிலிருந்து பிள்ளைக்குக் கிடைக்காது. கைவேலைப் பாடவேளையில் இதைச் செய்வதில் எனக்கு மறுப்பில்லை. அறிவியல் என்று அழைக்கும்போதுதான் மறுக்கிறேன்.

உண்மையான புழுவை வகுப்பில் வளர்ப்பது வேறு செயல். அதற்குப் பள்ளி வளாகத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடியோ எலுமிச்சையோ இருந்தால் போதும். எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி அவற்றின் இளந்தளிரில் வெளிர்மஞ்சள் முட்டையை ஒவ்வொன்றாக இட்டுப் போகும். மூன்று நான்கு நாளில் புழு வெளிவரும். முதலில் அது பறவை எச்சம் போலக் கருப்பும் வெள்ளையுமாக இலைமேல் கிடக்கும். பல முறை தோலுரித்து, கடைசிக் கட்டத்தில் பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் கவைபோன்ற ஓர் உறுப்பை நீட்டும். கூடவே ஒரு நெடி எழும். பின் கூட்டுப்புழுவாகி, வண்ணத்துப்பூச்சியாக வெளிவரும். வாயைத் துணியால் கட்டிய கண்ணாடி ஜாடிக்குள் இவ்வளவும் ஏறத்தாழ ஒரு மாதத்தில் நடந்து முடியும்.

இதன் பெரிய பலம், கேள்வி விலங்கிடமிருந்தே வருவது. எச்சம் போல இருந்தது ஏன் பச்சையானது? ஜாடியின் அடியில் சேரும் கழிவு ஏன் நாளுக்கு நாள் பெரிதாகிறது? ஒரு கூட்டுப்புழு பச்சையாகவும் இன்னொன்று பழுப்பாகவும் இருப்பதேன்? கடைசிக் கேள்வியை எட்டு வயதுப் பிள்ளைகளே சோதித்துப் பார்க்கலாம்: ஒரு ஜாடியில் பச்சைத் தண்டு, இன்னொன்றில் காய்ந்த குச்சி. விடை ஒரே நேர்கோட்டில் வராது. வராததும் நல்லதுதான், இன்னும் நாலு புழு வேண்டும் என்று பிள்ளைகளே கேட்பார்கள். 1960-களில் அமெரிக்காவில் ‘எலிமெண்டரி சயின்ஸ் ஸ்டடி’ திட்டம் மாவுப்புழுவை வைத்து ஒரு பாடமே அமைத்தது. புழுவைப் பின்னோக்கி நடக்கவைப்பது எப்படி, அது சுவர் ஓரமாகவே போவதேன் என்பவை அதன் கேள்விகள். ஆசிரியருக்கு விடை தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. அந்தத் துணிச்சல்தான் அதன் சிறப்பு.

பலவீனம் தொடங்கும் இடத்தையும் சொல்லவேண்டும். செடியிலிருந்து எடுத்துவரும் புழுக்கள் எல்லாமே வண்ணத்துப்பூச்சி ஆவதில்லை. சிலவற்றுக்குள் ஒட்டுண்ணிக் குளவிகளோ ஈக்களோ ஏற்கெனவே முட்டையிட்டிருக்கும். ஒரு நாள் கூட்டுப்புழுவில் துளை விழும். இறகு விரிக்கும் பூச்சிக்குப் பதில் பொடிக் குளவிகள் வெளியே வரும். பல வகுப்புகளில் அந்த ஜாடி பிள்ளைகள் வருமுன் குப்பைக்குப் போய்விடுகிறது. பாடப்புத்தகத்து வட்டத்தில் குளவிக்கு அம்புக்குறி இல்லாததால், நடந்தது ‘தவறு’ ஆகிவிடுகிறது. செயல்பாட்டின் ஆகச் செறிவான தருணம் இப்படித்தான் தூக்கி எறியப்படுகிறது. ஒரு பெண்பூச்சி இடும் முட்டை எல்லாம் பிழைத்தால் கறிவேப்பிலைச் செடியில் இலையே மிஞ்சாது. செடி மிஞ்சுவதற்கு அந்தக் குளவியும் ஒரு காரணம். சின்னப் பிள்ளைகள் இதைத் தாங்குவார்களா என்ற கவலை நியாயமானது. கோழியும் ஆடும் கறிக்கடையும் பார்த்து வளரும் பிள்ளைகள் தாங்குவார்கள் என்பதே என் எண்ணம். அவர்களை அதிகம் குழப்புவது, நேற்றிருந்த ஜாடி இன்று ஏன் இல்லை என்பதற்கு யாரும் பதில் சொல்லாததுதான்.

ஆனால் குளவியால் சாவதும் நம் கவனக்குறைவால் சாவதும் ஒன்றல்ல. சந்தையில் வாங்கிய கறிவேப்பிலையில் பூச்சிமருந்து இருந்தால் புழு செத்துவிடும். வெள்ளிக்கிழமை மாலை போட்ட தளிர் ஞாயிறன்று சருகாகிவிடும். இதையும் ‘இயற்கை’ என்று சொல்லிக் கடந்துபோனால், உயிர் என்பது பாடம் முடிந்ததும் தீர்ந்துபோகும் ஒரு பொருள் என்றுதான் பிள்ளை கற்கும். சனி ஞாயிறில் யார் இலை மாற்றுவது என்று முடிவாகாத பள்ளி, புழுவைச் செடியிலேயே விட்டுப் பார்க்கட்டும். இளங்கிளையைச் சுற்றி ஒரு கொசுவலைத் துண்டைக் கட்டினாலே போதும்.

பாடம் முடிந்த பின் விலங்கு எங்கே போகும் என்பதை முன்பே யோசிக்காத திட்டங்கள் வெளிநாடுகளில் பட்ட பாடு நமக்கும் உதவும். மேலை நாட்டுப் பள்ளிகளில் கோழி முட்டையை அடைகாப்புக் கருவியில் வைத்து 21-ஆம் நாள் குஞ்சு பொரிப்பதைக் காட்டுவார்கள். அதன்பின் சேவல் குஞ்சுகளை ஏற்க ஆள் கிடைப்பது அரிது. அமெரிக்காவின் வடமேற்கு மாநிலங்களில், பாடத்துக்கென வரவழைத்த வேற்றிட நன்னீர் நண்டின உயிரிகளைப் பாடம் முடிந்ததும் ஓடைகளில் விட்டது, அந்நிய இனங்கள் பரவும் வழிகளில் ஒன்றானது. கறிவேப்பிலைப் புழுவில் இந்தச் சிக்கல் கிடையாது. எடுத்த செடிக்கே திரும்பிப் போகும். கிளி, நட்சத்திர ஆமை போன்றவற்றை வைத்துக்கொள்ள 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமே இடம் தராது. தலைப்பிரட்டையைக் குளக்கரைக்குப் போய்ப் பார்ப்பதே மேல்.

இன்னொரு குறை, அழகின் மேல் உள்ள சாய்வு. வண்ணத்துப்பூச்சி வகுப்புக்குள் வரும். ஈயும் கரப்பானும் வராது. மணலில் குழி பறித்துக் காத்திருக்கும் குழிநரி என்ற பூச்சியைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும், பாடத்தில்தான் அதற்கு இடமில்லை.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிச் சில ஆண்டுகளில் தமிழகம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், பிள்ளைகளைப் பெஞ்சிலிருந்து தரைக்கு இறக்கி, அவரவர் வேகத்தில் படிக்க வழிசெய்தது. அது சாதாரண மாற்றமன்று. ஆனாலும் படிகளைக் காட்டும் அதன் கற்றல் ஏணியும் அட்டைகளும் இயல்பிலேயே முடிவு தெரிந்த பாதை. அட்டையில் அடுத்த படி எழுதியிருக்கும். புழுவோ திங்கட்கிழமை தோலுரிக்கிறேன் என்று சொல்லாது. இரண்டு மூன்று வகுப்புகளை ஒன்றாக வைத்து நடத்தும் ஆசிரியர் அட்டையைத் தேர்ந்தால் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு நேரம் கொடுக்காத ஏற்பாட்டைத்தான் குறைசொல்ல வேண்டும்.

அந்த ஏற்பாட்டின் சாவி தேர்வில் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் இதைப் புரிந்துகொண்டிருந்தது. செய்துபார்த்துக் கற்பதை ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை கொண்டுசென்ற அது, புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் தேர்வையும் செய்முறைத் தேர்வையும் சேர்த்தே நடத்தியது. 2002-இல் மாநில அரசு அதை நிறுத்தியது. நம் பருவத் தேர்விலோ ‘வாழ்க்கைச் சுழற்சியைப் படம் வரைந்து பாகம் குறி’ என்ற கேள்விக்குக் குளவியை வரையும் பிள்ளைக்கு மதிப்பெண் கிடைக்காது. அதற்குப் பதிலாக ஒரு குறிப்பேட்டுப் பக்கத்தை அச்சிட்டுக் கொடுக்கலாம்: ஐந்து புழு, ஒரு மாதம், தின்ற இலை, உரித்த தோல், கடைசியில் மூன்று பூச்சி. மீதி இரண்டும் என்ன ஆகியிருக்கலாம், அதை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்கலாம். ஜாடியைப் பார்த்திருந்த பிள்ளை அரைப் பக்கம் எழுதும். சேமியா ஒட்டிய பிள்ளைக்கு எழுத எதுவும் இருக்காது.